பழைய வீட்டின் முகப்பைத் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிப் பக்கம் பழைய வீடுகளுக்குப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். பெரும்பாலும் ஒரே ரக வீடுகள்தான்: 1980, 90களில் கட்டிய கான்கிரீட் வீடு, 20 அல்லது 30 அடி முகப்பு, மேலே ஒரு மாடி, சன்னலுக்குச் சன்னல் சன்ஷேடு, முன்னால் கிரில் அடைத்த போர்டிகோ. உள்ளே வசதியாகத்தான் இருக்கும். தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரருக்கே பிடிக்காது. போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள் வருவதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எங்க வீட்டு முன்பக்கமே அசிங்கமா இருக்கு சார். எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

எதிர்ச் சாரியில் நின்று போனில் ஒரு படம் எடுங்கள். பகலில் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று. தினமும் பார்த்துப் பழகிய கண் கவனிக்காததை எல்லாம் படம் காட்டிக்கொடுத்துவிடும். எப்போதோ நிறுத்திய கேபிளின் ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும், பழைய டிஷ் ஆன்டெனா துருப்பிடித்து நிற்கும், பால்கனியில் உடைந்த நாற்காலி கிடக்கும், சன்ஷேடு மேல் செங்கல்லும் பெயின்ட் டப்பாவும் உட்கார்ந்திருக்கும். கைப்பிடிச் சுவரிலிருந்து கருப்பாக நீர் வழிந்த தடம் வேறு.

முதலில் எதை எடுக்கலாம் என்று பாருங்கள். எதைச் சேர்க்கலாம் என்பது அப்புறம். வீட்டின் அமைப்பே மோசம் என்று சொல்லும்படியான வீடுகள் உண்மையில் குறைவு. தண்ணீர் வழிந்த கறை, ஒயரும் பைப்பும், ஒதுக்கி வைத்த சாமான், இந்த மூன்றும்தான் முக்கால்வாசி அசிங்கத்துக்குக் காரணம். வேலையின் வரிசையும் அதுதான்: வேண்டாததை எடுப்பது, தண்ணீரைத் திருப்பிவிடுவது, உடைந்ததைப் பழுது பார்ப்பது, கடைசியில் பெயின்ட். பலரும் கடைசியில் ஆரம்பிக்கிறார்கள்.

கையில அவ்வளவு காசு இல்ல. பத்தாயிரத்துக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா?

முடியும். மேலே சொன்னபடி வேண்டாததை எல்லாம் இறக்குங்கள். அதற்கு ஒரு ஆள் கூலியும் ஒரு குட்டி யானை வாடகையும்தான் செலவு. அப்புறம் கேட்டுக்கு மட்டும் பெயின்ட் அடியுங்கள். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு ஒரு கோட்டு, அதன் மேல் எனாமல் இரண்டு கோட்டு. கேட்டைத் தொட்டுத்தான் எல்லாரும் உள்ளே வருகிறார்கள். அது பளிச்சென்று இருந்தால் பின்னால் இருக்கும் சுவரை அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டார்கள்.

மீதிப் பணத்தில் வாசல் விளக்கை மாற்றுங்கள். வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும் விளக்குக்குப் பதில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட வார்ம் ஒயிட் பல்ப் வாங்குங்கள், வெளிச்சம் தரையையும் கதவையும் பார்த்து விழும்படி ஒரு மூடி போட்டுவிடுங்கள். கோலம் போடும் இடம் உடைந்து மேடு பள்ளமாக இருந்தால் அதை மட்டும் சிமென்ட்டால் சமப்படுத்துங்கள். திருஷ்டிப் பொம்மை இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லி நான் யார் வீட்டிலும் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இல்லை.

போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சோம், அதுக்குள்ள சுவரெல்லாம் கருப்பா வழிஞ்சிருக்கு. மட்டமான பெயின்ட்டா?

பெரும்பாலும் பெயின்ட்டின் குற்றம் இல்லை, தண்ணீர் போகும் வழிதான் குற்றம். ஒரு சன்னலைக் கிட்டே போய்ப் பாருங்கள். கறை சுவர் முழுக்க இருக்காது. சன்ஷேடின் இரண்டு முனையிலிருந்தும் மீசை மாதிரி கீழே இறங்கியிருக்கும். சன்ஷேடு மேல் தேங்கிய புழுதியை மழைத் தண்ணீர் கரைத்து, ஓரத்தில் சொட்டாமல் அடிப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு ஓடிச் சுவருக்கு வந்துவிடுகிறது. ஈரம் காயாத அந்தத் தடத்தில் பாசி பிடிக்கிறது. பாசி காய்ந்தால் கருப்பு.

கட்டும்போதே சன்ஷேடின் அடியில், ஓரத்தை ஒட்டி ஒரு சின்னக் காடி, அதாவது பள்ளமான கோடு, விட்டிருந்தால் தண்ணீர் அந்த இடத்திலேயே சொட்டி விழுந்திருக்கும். பழைய வீடுகளில் அதைப் பலர் விடவில்லை, அல்லது அடுத்தடுத்த பூச்சில் அது மூடிப்போயிருக்கும். இப்போது கட்டரை வைத்துக் காடி வெட்டச் சொல்லாதீர்கள். அங்கே கம்பிக்கு அடியில் கான்கிரீட் மெல்லிசாகத்தான் இருக்கும், கம்பியைத் தொட்டுவிட்டால் துரு உள்ளே ஏறும். ஓரத்தில் கீழ்நோக்கி நீட்டியபடி ஒரு அலுமினியப் பட்டையை ஒட்டி, மேல் விளிம்பைச் சிலிக்கான் போட்டு அடைத்தால் போதும்.

கைப்பிடிச் சுவரின் தலைப்பையும் பாருங்கள். அது தெருப்பக்கம் சரிந்திருந்தால் மேலே படிகிற புழுதி அத்தனையும் முகப்பில்தான் வழியும். தலைப்பை மொட்டை மாடிப் பக்கம் லேசாகச் சரியும்படி பூசிவிட வேண்டும். மாடித் தண்ணீர் வெளியே விழும் குழாய் அரையடிதான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அதைக் கீழ்வரை பைப்பில் இறக்கி மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் விடுங்கள். அந்தத் தொட்டி தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். இருக்கிறதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதானே.

அந்தக் கருப்பு மேலேயே அடிச்சிடலாம், ரெண்டு கோட்டுல மறைஞ்சிடும்னு பெயின்டர் சொல்றாரு?

மறையும். ஒரு மழைக்காலம் வரைக்கும். பாசி செத்தால்தான் பெயின்ட் நிற்கும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரைக் கறை மேல் அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஆசிட் பக்கமே போக வேண்டாம், பூச்சை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் விஷவாயு வேறு.

கழுவிக் காய்ந்த பிறகு உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டினால் பழைய பெயின்ட் பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். அதைச் சுரண்டி எடுத்து பிரைமர் அடிக்காமல் எத்தனை விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் பொடி மேல்தான் அது உட்காரும், பொடியோடு சேர்ந்து உதிரும். கையில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் சந்தோஷம், வேலை பாதி.

எந்த மாசத்துல பெயின்ட் அடிச்சா நல்லது? தீபாவளிக்கு முன்னாடி முடிச்சிடலாமா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்பார்கள். தீபாவளி வருவதோ ஐப்பசியில். வெளிச்சுவருக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. பொங்கலுக்கு அடிப்பவர்கள் கொஞ்சம் தேவலாம், ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு மார்கழிப் பனியில் ஈரச் சுவர் மேல் அடிக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெயில் ஏற ஏற வெளியே வரப் பார்க்கும், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

மாசி, பங்குனி நல்ல காலம். உள்ளறைகளைப் பண்டிகைக்கு அடித்துக்கொள்ளுங்கள், முகப்பை மாசிக்குத் தள்ளிப்போடுங்கள். சித்திரை வெயிலில் அடிப்பதாக இருந்தால் நிழலைத் தொடர்ந்து போக வேண்டும்: மேற்குச் சுவர் காலையில், கிழக்குச் சுவர் மதியத்துக்கு மேல். சுட்டுக்கொண்டிருக்கும் சுவரில் அடித்தால் ரோலர் தடம் தடமாகத் தெரியும். புதிதாகப் பூசிய சுவராக இருந்தால் நான்கு வாரம் ஆறவிட்டுத்தான் பெயின்ட்.

கீழே ரெண்டடி உயரத்துக்குப் பெயின்ட் பொரிஞ்சு உதிருது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சா நின்னுடுமா?

நிற்காது. இது மேலிருந்து வழிந்த தண்ணீர் இல்லை, மண்ணிலிருந்து ஏறும் ஓதம். கூடவே உப்பும் ஏறுகிறது. உப்பு நீர் போர்வெல்லில் கலவை குழைத்துக் கட்டிய வீடு என்றால் சுவரிலேயே உப்பு இருக்கும். ஈரம் வெளியே வந்து காயும்போது உப்பு பூத்துப் பெயின்ட்டைத் தள்ளுகிறது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்து அடைத்தால் ஈரம் இன்னும் ஒரு அடி மேலே ஏறி அங்கே பொரியும்.

சுவரோரம் மண் குவிந்திருக்கிறதா, பூந்தொட்டித் தண்ணீர் அங்கே தேங்குகிறதா, பாத்ரூம் பைப் எங்கேயாவது கசிகிறதா, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். பாதி வீடுகளில் காரணம் இதற்குள்ளேயே கிடைத்துவிடும். பிறகு பொரிந்த இடத்துக்கு மேலும் ஒரு அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, சில வாரம் காயவிட்டு, நல்ல தண்ணீரில் வாட்டர்ப்ரூஃப் கலவை சேர்த்துப் பூச வேண்டும். அவசரப்பட்டால் இரண்டாம் முறையும் கொத்த வேண்டிவரும்.

சன்ஷேடு அடியில காரை உதிர்ந்து கம்பி தெரியுது. மேல பூசி அடிச்சிடலாமா?

இதை அழகு சம்பந்தப்பட்ட கேள்வியாகப் பார்க்காதீர்கள். துருப்பிடித்த கம்பி வீங்கும், வீங்கினால் சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும். கீழே யாராவது நிற்கும்போது ஒரு துண்டு விழுந்தால் போதும். பொத்தலான கான்கிரீட்டை முழுக்கத் தட்டி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி அரித்து மெலிந்திருந்தாலோ, பால்கனியில் இப்படி இருந்தாலோ ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் தொகை பெயின்ட் செலவில் ஒரு மூலைக்கு வராது.

சுவத்துல விரிசல் இருக்கு. பயப்படணுமா?

மயிரிழை விரிசல் சிலந்தி வலை போல் பரவியிருந்தால் அது பூச்சில் மட்டும்தான், வெளிச்சுவருக்கான கிராக் ஃபில்லர் போதும். தூணுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே நேராக ஓடினால் இரண்டு பொருளும் வெயிலில் வேறு வேறு அளவு விரிவதால் வந்தது. அங்கே பூச்சை எடுத்து வலை வைத்துப் பூச வேண்டும். படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய் வருடா வருடம் அகலமாகும் விரிசல், இவை இரண்டும் இன்ஜினியர் பார்க்க வேண்டியவை. சந்தேகம் இருந்தால் விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நகர்கிறதா என்று அதுவே சொல்லும்.

என்ன கலர் அடிக்கலாம்? வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நம் ஊரில் கிளிப்பச்சை, ரோஸ், ஆரஞ்சு வீடுகளைக் கேலி பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த வெயிலுக்கு ஒரு நல்ல மஞ்சளோ பச்சையோ அழகாகவே இருக்கும். கண்ணை உறுத்துவது ஒரே முகப்பில் ஐந்து கலர் இருப்பதுதான்: சுவர் ஒன்று, தூண் ஒன்று, சன்ஷேடு ஒன்று, கைப்பிடிச் சுவரில் வளையம் வளையமாக இரண்டு. மூன்றுக்கு மேல் போகாதீர்கள். சுவருக்கு ஒன்று, சன்ஷேடு, விளிம்புக்கு ஒன்று, பேஸ்மட்டத்துக்கு ஒன்று. பேஸ்மட்டத்திலிருந்து இரண்டடி வரைக்கும் காவியோ அடர் சாம்பலோ இருந்தால் மழையில் தெறிக்கும் சேறு தெரியாது. அந்தக் காலத்தில் சுவரின் அடியில் காவிப்பட்டை அடித்தது சும்மா இல்லை.

வெயிலில் எது நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். காவி, சந்தன மஞ்சள், பழுப்பு, சாம்பல் எல்லாம் பெரும்பாலும் ஆக்ஸைடு நிறமிகள், சீக்கிரம் வெளுக்காது. பளீர் சிவப்பு, வயலட், ரோஸ் இவற்றின் நிறமிகள் பல வெயிலுக்குத் தாங்காதவை. மேற்கு பார்த்த வீட்டுக்கு வயலட் அடித்தால் சில வருடத்தில் அது என்ன கலர் என்று வீட்டுக்காரருக்கே சந்தேகம் வரும். வெள்ளை வீட்டுக்குள் சூடு குறையும், ஆனால் முன்பே சொன்ன வழிசல் வேலையை முடிக்காமல் வெள்ளை அடித்தால் ஒவ்வொரு கோடும் தெரியும்.

கலர் அட்டையில பார்த்தது ஒண்ணு, சுவத்துல வந்தது ஒண்ணு. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

இல்லை. சின்னச் சதுரத்தில் மங்கலாகத் தெரிவது 400 சதுர அடியில், அதுவும் நடு வெயிலில், பளபளவென்று தூக்கிக்கொண்டு நிற்கும். அட்டையில் உங்களுக்குப் பிடித்ததற்குப் பக்கத்தில் கொஞ்சம் அழுக்காக, சாம்பல் கலந்தது போல ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதுதான் சுவரில் நீங்கள் நினைத்த கலராக வரும். ஒரு லிட்டர் மட்டும் கலக்கி வாங்கி, மூன்றடிக்கு மூன்றடி இரண்டு கோட்டு அடித்து, காலை, நடுப்பகல், விளக்கு வெளிச்சம் மூன்றிலும் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

எத்தனை லிட்டர் வேணும்? பெயின்டர் சொல்றது சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முகப்பு 20 அடி அகலம், 22 அடி உயரம் என்றால் 440 சதுர அடி. கதவு, சன்னலுக்கு 80 கழித்தால் 360. வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 50 சதுர அடி வரும், சொரசொரப்பான சுவர் என்றால் இன்னும் குறையும். ஆக ஏழெட்டு லிட்டர். பிரைமர் தனி. சன்ஷேடின் மேல், கீழ், கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் எல்லாம் சேர்த்தால் கூடும். பெயின்டர் 20 லிட்டர் கேட்டால் எந்தெந்த இடத்துக்கு என்று கேளுங்கள், சண்டை போட வேண்டாம். சில சமயம் பக்கச் சுவரையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

போர்டிகோ முழுக்க கிரில் போட்டிருக்கோம், ஜெயில் மாதிரி இருக்கு. எடுத்துடவா?

திருட்டு, குரங்கு, குழந்தை என்று ஏதோ காரணத்துக்காகத்தான் போட்டிருப்பீர்கள். எடுக்க வேண்டாம், கலரை மாற்றுங்கள். சில்வர் அல்லது வெள்ளை அடித்த கிரில் வெயிலில் மின்னி முன்னால் வந்து நிற்கும், பின்னால் இருக்கும் வீடு தெரியாது. அதையே பளபளப்பு இல்லாத கருப்போ அடர் பழுப்போ அடித்தால் கண் கம்பியைத் தாண்டிக் கதவைப் பார்க்கும். கிரில்லில் மாட்டியிருக்கும் துண்டு, குடை, பால் பை இவற்றுக்கு உள்ளே ஒரு கொக்கி அடித்துவிட்டால் இன்னும் நல்லது.

ஒயர், பைப், ஏசி அவுட்டர், மீட்டர் பெட்டி. எல்லாமே முன்னாடிதான் இருக்கு. மறைக்கலாமா?

சிலதை மறைக்கலாம், சிலதை மறைக்கவே கூடாது. பைப்புகளுக்குச் சுவரின் கலரையே அடித்துவிடுங்கள், பாதி காணாமல் போகும். பலகை போட்டு மூடினால் அடைப்பு எடுக்கும்போது உடைக்க வேண்டிவரும். உபயோகத்தில் இல்லாத ஒயர்களை அந்தந்த கேபிள்காரரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லி, இருப்பதை ஒரே கேசிங்கில் ஒரு மூலையாக இறக்குங்கள்.

ஏசி அவுட்டரை முழுக்க மூடினால் சூடு வெளியேறாமல் மின் செலவு ஏறும். இடைவெளி அதிகம் விட்ட பட்டைத் தடுப்பு போதும். அதிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பைப்பில் பிடித்து இறக்குங்கள், இல்லாவிட்டால் அது வருடம் முழுக்க வழிந்து பச்சைத் தடம் போடும். மீட்டரை நாமாக நகர்த்தக் கூடாது, மின்வாரியத்தில் விண்ணப்பித்துத்தான் இடம் மாற்ற வேண்டும். பெட்டிக்குக் கதவு போட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவருக்குத் திறக்கும்படி இருக்கட்டும். சாரம் கட்டும்போது கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அது பற்றியும் வாரியத்தில் சொல்லிவிட்டே வேலை தொடங்குங்கள்.

பின்னாடி மாடி எடுக்கலாம்னு மொட்டை மாடியில கம்பி விட்டிருக்கோம். பார்க்க முடிக்காத வீடு மாதிரியே இருக்கு.

20 வருடமாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எத்தனை வீட்டில்! அது அசிங்கம் மட்டும் இல்லை, துரு கம்பி வழியாகவே தூணுக்குள் இறங்கும். மாடி எடுக்கும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் துருவைத் தேய்த்து, சிமென்ட் பால் அடித்து, சுற்றிலும் சிமென்ட் குறைவான கான்கிரீட்டால் சின்னத் தூணாக மூடிவிடுங்கள். வேண்டும்போது சுலபமாக உடையும். கைப்பிடிச் சுவர் உயரத்துக்கே முடித்துப் பூசினால் தெருவிலிருந்து தெரியவே தெரியாது. எண்ணம் போய்விட்டது என்றால் வெட்டி, முனையைக் கலவையால் அடைத்துவிடலாம். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

கருப்புத் தண்ணீர் டேங்க் முன்பக்கம் இருந்தால் பின்னுக்குத் தள்ளலாமா என்று கூடவே கேட்பார்கள். 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. தூணுக்கோ பீமுக்கோ மேலாக இருக்கும் இடத்துக்குத்தான் மாற்ற வேண்டும், தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது.

இப்ப எல்லாரும் பெட்டி பெட்டியா எலிவேஷன் வைக்கிறாங்களே, நாமும் வைக்கலாமா? சன்ஷேடு பழசா தெரியுது, வெட்டிடலாம்னு சொல்றாங்க.

சன்ஷேடை வெட்டாதீர்கள். நம் வெயிலுக்கும் சாய்ந்து அடிக்கும் மழைக்கும் கட்டியவர் யோசித்து வைத்தது அது. வெட்டின வீடுகளில் முதல் மழைக்கே சன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே வருவதும், மத்தியானத்தில் அறை அனலாகக் கொதிப்பதும் நடக்கிறது. அதன் விளிம்பைச் சீராகப் பூசி அடர் கலர் கொடுங்கள், நேர்கோடுகளாகத் தெரியும். பெட்டியும் அதைத்தானே காட்டப் பார்க்கிறது.

அப்படியும் ஒரு பெட்டி வேண்டும் என்றால் செங்கல் கட்டிச் சன்ஷேடு மேலோ பால்கனி நுனியிலோ ஏற்ற வேண்டாம், அந்த எடைக்கு அவை போடப்படவில்லை. இரும்புச் சட்டத்தில் சிமென்ட் போர்டு அடித்து, பீமில் பிடித்துச் செய்யலாம். அதன் தலையில் தண்ணீர் தேங்காமல் சரிவு இருக்க வேண்டும். உங்கள் மனை எல்லையைத் தாண்டித் தெருவுக்கு மேல் நீட்டவும் கூடாது. முன்பக்கம் விட வேண்டிய இடத்துக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 இருக்கின்றன. புதிதாக எதையாவது நீட்டும் முன் உள்ளாட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்னாடி டைல்ஸ், கல் ஒட்டினா பெயின்ட் செலவே இல்லன்னு சொல்றாங்களே?

ஒரு தூணுக்கோ, கதவைச் சுற்றிய சுவருக்கோ அழகாக இருக்கும். முகப்பு முழுக்க வேண்டாம். வெறும் சிமென்ட்டால் ஒட்டிய கல் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டுக் கழன்று விழும். பசை வைத்து ஒட்ட வேண்டும், ஆள் உயரத்துக்கு மேலே போனால் கிளிப் வைத்து முடுக்க வேண்டும். இடுக்கில் உப்பு பூத்தால் கழுவி மாளாது.

ஏற்கெனவே 90களில் பாத்ரூம் டைல்ஸை முகப்பில் ஒட்டிய வீடு என்றால் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் டைல்ஸை எடுத்துவிடுங்கள். எல்லாமே கெட்டியாக இருந்தால் டைல்ஸ் பிரைமர் அடித்து அதன் மேல் பெயின்ட் அடிக்கலாம்.

செடி வைக்க இடமே இல்ல, கேட்டைத் திறந்தா ரோடு.

கேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய தொட்டி போதும். பத்துச் சின்னத் தொட்டியைவிட அது நன்றாக இருக்கும், தண்ணீர் ஊற்றுவதும் சுலபம். வெயில் தாங்கும் நந்தியாவட்டை, செம்பருத்தி, காகிதப்பூ எதுவானாலும் சரி. காகிதப்பூவைப் போர்டிகோவின் ஒரு மூலையில் ஏற்றிவிட்டால் ஒரு பக்கத்து அசிங்கத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். சுவரிலேயே வேர்விட்டு ஏறும் கொடிகளை மட்டும் விடாதீர்கள்.

கைப்பிடிச் சுவரில் தானாக முளைத்திருக்கும் அரசங்கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். சின்னதாக இருக்கும்போதே விரிசலைத் திறந்து வேரோடு எடுத்து, அந்த இடத்தைக் கலவையால் அடைக்க வேண்டும். பறவை போட்ட விதை, யாரையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ரோடு போட்டுப் போட்டு வீடே பள்ளத்துக்குப் போயிடுச்சு. வாசல் மூணு படி கீழே இருக்கு.

இதற்கு மலிவான வழி இல்லை. ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தித் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பழைய வீட்டுக்கு அது தாங்குமா என்று இன்ஜினியர் சொன்ன பிறகே அந்தப் பேச்சு. மற்றவர்கள் கேட்டின் கீழ் ஒரு வரப்பு, அதற்கு உள்பக்கம் ஜல்லடை மூடிய வாய்க்கால், அதிலிருந்து சேகரிப்புத் தொட்டிக்கு வழி என்று செய்து தெருத்தண்ணீரை நிறுத்தலாம். காம்பவுண்டுக்குள் மண் நிரப்பி உயர்த்தினால் வீட்டுச் சுவரோரம் மண் ஏறும், அப்போது மேலே சொன்ன ஓதம் கட்டாயம் வரும். வண்டி ஏற்றும் சரிவை ரோட்டில் நீட்டிக் கட்டினால் நகராட்சி வந்து இடித்துவிட்டுப் போகும். உள்பக்கமாகத்தான் கட்ட வேண்டும்.

பக்கவாட்டுச் சுவரைப் பூசாமலே விட்டுட்டோம். தெருமுனையிலேருந்து செங்கல்லாத் தெரியுது. அந்தப் பக்கம் அடுத்தவர் இடம்.

முகப்பை இழைத்துவிட்டுப் பக்கச் சுவரை விட்டால் தெருவில் நடந்து வருகிறவருக்கு அதுதான் முதலில் தெரியும். மழை நேராகச் செங்கல்லில் அடித்து உள்ளே ஓதமும் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள், எத்தனை நாள், சாரம் எங்கே ஊன்றுவோம், மண் விழுந்தால் யார் அள்ளுவது என்று. அவர் வீட்டுக் காம்பவுண்டுக்கும் ஒரு கோட்டு அடித்துத் தருகிறேன் என்றால் பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். காலியிடமாக இருந்தாலும் உரிமையாளரைத் தேடிக் கேட்டுவிட்டே கால் வையுங்கள்.

வீட்டை விக்கப் போறோம். முன்பக்கத்துக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

பழைய வீட்டை வாங்க வருகிறவர் முதலில் மனைக்குத்தான் விலை பேசுவார், கட்டடத்துக்குக் கழிக்கவே பார்ப்பார். அதனால் கல், பெட்டி, புது எலிவேஷன் எதற்கும் போட்ட காசு திரும்பாது. இரண்டாவது கேள்வியில் சொன்ன வேலைகளும், கழுவி ஒரே கலரில் அடித்த முகப்பும் போதும். ஓதம் உள்ள சுவரில் புதுப் பெயின்ட் வாசனையோடு வீட்டைக் காட்டாதீர்கள். விவரம் தெரிந்தவர் கையோடு ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வருவார், அவர் நேரே கீழே குனிந்து அந்த இரண்டடியைத்தான் தட்டுவார். அங்கே பூச்சைக் கொத்திவிட்டு, சரி செய்துகொண்டிருக்கிறோம் என்று காட்டினால் விலை பேசும்போது அந்தப் பேச்சே வராது.